நடுவில் நிற்பவர்



தண்டலத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைதோறும் காணக் கிடைக்கும் ஒரு காட்சியிலிருந்து இவ்வுரை தொடங்குகிறது. ஆறு நாளும் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறிச் செல்லும் இளைஞர்கள், அந்த ஒரு நாள் வறண்ட ஏரிப் பரப்பிலோ, மனை பிரித்தும் வீடு எழும்பாத வெற்றிடத்திலோ கூடுகின்றனர். டென்னிஸ் பந்தும் மட்டையும் மூன்று குச்சிகளும் போதும், ஆட்டம் தொடங்கிவிடுகிறது. தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர், வட மாநிலங்களிலிருந்து வந்தவர், இங்கேயே பிறந்தவர் என்ற வேற்றுமை அங்கு இல்லை. ஆனால், இத்தகைய ஆட்டங்கள் அனைத்திலும் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: 'எல்.பி.டபிள்யூ. கிடையாது.'

இச்சட்டம் தண்டலத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தின் தெருக்கள் எல்லாவற்றிலும் பல தலைமுறைகளாக வழங்கி வருவது. காரணம் கேட்டால் எந்தச் சிறுவனும் சொல்வான். நடுவராக நிற்பவர் மட்டையாடும் அணியைச் சேர்ந்தவர். தன் முறை வரும் வரையில் சும்மா இருப்பவனைப் பிடித்து நிறுத்துவதே வழக்கம். அவன் தன் தோழனை 'அவுட்' என்று சொல்வானா? குச்சி பறந்தால் எல்லோருக்கும் தெரியும். பந்து கையில் பிடிபட்டால் எல்லோருக்கும் தெரியும். காலில் பட்ட பந்து குச்சியை நோக்கிச் சென்றதா என்பது மட்டும் ஒருவரின் கண்ணையும் மனச்சான்றையும் நம்பி விட வேண்டிய செய்தி. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில், அந்தச் சட்டத்தையே எடுத்துவிடுகிறார்கள். நேர்மையான நடுவர் இல்லாத குறைக்கு ஆட்டமே தன்னைச் சுருக்கிக்கொள்கிறது என்பது இதன் பொருள்.

எடுத்துவிட்ட அந்தச் சட்டம் எளியதன்று. பந்து காலில் பட்டதும் வீச்சாளரும் காப்பாளர்களும் கைகளை உயர்த்திக் கூவுகின்றனர். அந்தக் கணத்தில் நடுவர் தமக்குள் ஐந்து வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். வீச்சாளரின் கால் கோட்டுக்குள் இருந்ததா? பந்து மட்டையாளரின் கால் பக்கக் குச்சிக்கு வெளியே தரையில் பட்டதா? மட்டையில் முதலில் பட்டதா, காலில் முதலில் பட்டதா? காலில் பட்ட இடம் குச்சிகளுக்கு நேரானதா? கால் இல்லாதிருந்தால் பந்து குச்சியைச் சாய்த்திருக்குமா? இவற்றுள் முதல் நான்கும் நிகழ்ந்தவற்றைப் பற்றியவை. ஐந்தாவதோ நிகழாததைப் பற்றியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, வீச்சாளரின் கையை விட்டு மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகிறது. முன்பு அந்த அரை நொடிக்குள் நடுவர் வீச்சாளரின் காலையும் பார்த்து, கண்ணை உயர்த்தி, பந்தையும் பார்த்தாக வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட பணியை வாழ்க்கைத் தொழிலாகவே ஏற்று உலகெங்கும் நின்ற ஒருவர் சென்னையிலிருந்து சென்றார். அவர் ஸ்ரீனிவாசராகவன் வெங்கட்ராகவன். 57 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடியவர். 73 டெஸ்ட் ஆட்டங்களில் நடுவராக நின்றவர். முதல் எண்ணைத் தமிழகம் நன்கறியும். இரண்டாம் எண் அதனினும் பெரிதாயிருந்தும் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. அவ்வெண்ணைப் பற்றியதே இவ்வுரை.

வெங்கட்ராகவன் 1945 ஏப்ரல் 21 அன்று சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்றார். 1965இல் நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது அவருக்கு வயது 19. அதே தொடரின் டெல்லி ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலுமாக 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பிரசன்னா, பேடி, சந்திரசேகர் ஆகியோருடன் சேர்த்து எண்ணப்படும் சுழற்பந்து நால்வருள் அவர் ஒருவர். 1971இல் மேற்கிந்தியத் தீவுகளில் இந்தியா முதன்முறையாகத் தொடரை வென்றபோது, அணியின் துணைத் தலைவராக இருந்து 22 விக்கெட்டுகளை எடுத்தார். அவ்வாண்டே அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இப்படிக் கூறினால் ஏறுமுகமான வாழ்க்கை போலத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. பிரசன்னாவும் அவரும் ஒரே வகைப் பந்து வீச்சாளர்கள். அணியில் இருவருள் ஒருவருக்கே பெரும்பாலும் இடமிருந்தது. எனவே ஆட்டத்துக்கு ஆட்டம், தொடருக்குத் தொடர், பிறருடைய தீர்ப்புக்குக் காத்திருப்பதே அவர் வாழ்க்கையாயிற்று. 1974 டிசம்பரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். அடுத்து நடந்த கல்கத்தா டெஸ்டில் அவர் பன்னிரண்டாம் ஆள். ஒரு டெஸ்டில் அணியை நடத்தியவர், அடுத்த டெஸ்டில் களைத்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு செல்லும் இடத்தில் இருந்தார். 1975, 1979 ஆகிய இரண்டு உலகக் கோப்பைப் போட்டிகளிலும் அவரே இந்திய அணியின் தலைவர். 1979இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்து அணி தாயகம் திரும்புகையில், தலைமைப் பொறுப்பு வேறொருவருக்கு மாற்றப்பட்ட செய்தி விமானத்திலேயே அறிவிக்கப்பட்டது. உடனிருந்த பயணிகள் கேட்க, அவரும் கேட்டார்.

தீர்ப்புச் சொல்லும் தொழிலுக்கு எந்தப் பயிற்சி வேண்டும் என்று கேட்டால், விதிநூலைக் கற்க வேண்டும் என்பர். அது மெய்யே. அதனோடு இன்னொன்றும் வேண்டும். தீர்ப்புக்கு உட்பட்டு வாழ்ந்த பழக்கம் அது. விளக்கம் தரப்படாத முடிவு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை வெங்கட்ராகவன் பதினெட்டு ஆண்டுகள் தம் உடம்பால் அறிந்தார். 1983இல் பாகிஸ்தானுக்கு எதிராக ஜலந்தரில் தம் கடைசி டெஸ்டை ஆடி முடித்தார். 156 டெஸ்ட் விக்கெட்டுகளும், முதல்தர ஆட்டங்களில் 1,390 விக்கெட்டுகளும் அவர் கணக்கில் இருந்தன. இந்தியாவில் அவ்வளவு புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் அந்நாளில் நடுவர் பணிக்கு வருவதில்லை. தேர்வுக் குழு, பயிற்சியாளர் பதவி, செய்தித்தாளில் கட்டுரை என்று மதிப்பான வழிகள் பல இருந்தன. வெயிலில் நாள் முழுதும் நின்று, ஏச்சை மட்டுமே ஊதியமாகப் பெறும் பணியை எவர் விரும்புவர்? அவர் விரும்பினார்.

அவர் அப்பணிக்கு வந்த காலம் கவனிக்கத்தக்கது. அன்று பன்னாட்டுக் கிரிக்கெட்டின் நிலையும் நம் ஏரிப் பரப்பின் நிலையும் ஏறக்குறைய ஒன்றே. எந்த நாட்டில் ஆட்டம் நடக்கிறதோ, அந்த நாட்டவரே இரு நடுவரும். அவர்களை நியமிப்பதும் அவர்களுக்கு ஊதியம் தருவதும் அந்நாட்டு வாரியமே. அந்நடுவர்கள் நேர்மையானவர்களாகவே இருந்திருக்கலாம். பலர் அவ்வாறே இருந்தனர். எனினும் தோற்ற அணி நம்பவில்லை. 1987 டிசம்பரில் ஃபைசலாபாத்தில் இங்கிலாந்து அணித் தலைவர் மைக் கேட்டிங்கும் பாகிஸ்தான் நடுவர் ஷகூர் ராணாவும் ஆடுகளத்தின் நடுவிலேயே விரல் நீட்டிச் சண்டையிட்டனர். மறுநாள் ஆட்டம் முழுவதும் நடைபெறவில்லை. அணித்தலைவர் மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்த பின்னரே ஆட்டம் தொடர்ந்தது.

இதற்கு மாற்று தேடியதில் இந்தியர்க்கும் பங்குண்டு. 1986 நவம்பரில் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டில், வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்னும் இரு இந்தியர்கள் பொது நடுவர்களாக நின்றனர். 1989இல் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது, ஜான் ஹாம்ப்ஷயர், ஜான் ஹோல்டர் என்னும் இங்கிலாந்து நடுவர்கள் நின்றனர். பதினாறு வயது டெண்டுல்கர் அறிமுகமான தொடர் அது. பின்னர், சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒருவரேனும் வேற்று நாட்டு நடுவராக இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 2002 முதல் இருவரும் வேற்று நாட்டவராயினர்.

இலக்கிய அன்பர்கள் ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வள்ளுவர் 'நடுவு நிலைமை'யைப் பன்னிரண்டாம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முந்தியது 'செய்ந்நன்றி அறிதல்'. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதற்குப் பரிமேலழகர் ஒரு காரணம் காட்டுகிறார். நன்றி செய்தவரிடத்து அந்நன்றியை நினைக்கும்போது நடுவு நிலைமை சிதையக்கூடும். ஆகவே அதனை அடுத்து இதனைக் கூறினார் என்பது அவர் கருத்து. நடுவனைத் தடுமாறச் செய்வது பகையும் பேராசையும் மட்டுமல்ல, நன்றி என்னும் நற்பண்பும்தான் என்பது எவ்வளவு நுட்பமான கண்டுபிடிப்பு! நம் ஏரிப் பரப்பில் தோழனை 'அவுட்' சொல்லாத இளைஞன் தீயவன் அல்லன். அத்தோழன் நேற்று அவனுக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்திருப்பான். இரவுப் பணியில் அவனுக்காக நின்றிருப்பான். உள்நாட்டு நடுவர்க்கும் தம் வாரியத்திடம் இருந்தது அத்தகைய நன்றியே. மனிதரைக் குறை கூறுவதை விட்டு, ஊதியம் தரும் கையையும் நிற்கும் களத்தையும் மாற்றியதுதான் 1994ஆம் ஆண்டின் அறிவு.

வெங்கட்ராகவன் 1993 ஜனவரியில், இங்கிலாந்து அணி இந்தியா வந்திருந்தபோது, பன்னாட்டு ஆட்டங்களில் நடுவராக முதன்முதலில் நின்றார். அப்போது அவருக்கு வயது 47. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் டர்பனில், தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் ஆடிய டெஸ்டில், தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்து முடிவு கூறும் மூன்றாம் நடுவர் முறை அறிமுகமாகியிருந்தது. அம்முறையில் முதலில் ஆட்டமிழந்தவர் டெண்டுல்கர். ஆக, நடுவரை உலகம் ஐயுறத் தொடங்கிய நாளிலும், நடுவரைக் கருவி கண்காணிக்கத் தொடங்கிய நாளிலும் அவர் அப்பணியை ஏற்றார். 1994இல் அமைந்த பன்னாட்டு நடுவர் குழுவில் இடம் பெற்றார்.

அப்பணியின் உழைப்பு எத்தகையது என்பதைத் தொழிலாளர் வாழும் இவ்வட்டாரம் எளிதில் உணரும். டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நாளுக்கு 90 ஓவர்கள். அதாவது 540 பந்துகள். ஐந்து நாளும் முழுதாக ஆடினால் 2,700 பந்துகள். ஒரு பந்தையும் நடுவர் பாராமல் விட இயலாது. ஆட்டக்காரர் ஆட்டமிழந்தால் நிழலில் அமரலாம். வீச்சாளர் ஓவர் முடிந்தால் எல்லைக்கோட்டருகே மூச்சு வாங்கலாம். நடுவர்க்கு உணவு இடைவேளையும் தேநீர் இடைவேளையுமே ஓய்வு. 2,699 பந்துகளைச் சரியாகக் கணித்து ஒன்றில் பிழைத்தால், மறுநாள் செய்தித்தாளில் அந்த ஒன்றே வரும். உற்பத்தி வரிசையின் இறுதியில் நின்று, ஏற்கலாம், தள்ளலாம் என்று ஒவ்வொரு பொருளையும் பார்த்து விடும் தரப் பரிசோதகரின் பணி இதனோடு ஒப்பிடத்தக்கது. வேறுபாடு ஒன்றுண்டு. பரிசோதகர் ஐயுற்ற பொருளைத் தனியே எடுத்து வைக்கலாம். நடுவர்க்கு ஐயத்தைத் தள்ளி வைக்க இடமில்லை. ஐயம் எழுந்தால் மட்டையாளர்க்குச் சாதகமாக அங்கேயே முடித்தாக வேண்டும்.

2002இல் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் முழுநேர ஒப்பந்தத்தில் உயர்நிலை நடுவர் குழுவை அமைத்தது. உலகெங்கிலுமிருந்து எட்டுப் பேர் மட்டுமே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஸ்டீவ் பக்னர், டேவிட் ஷெப்பர்ட், ரூடி கோர்ட்சன், டேரில் ஹார்ப்பர், டேவ் ஆர்ச்சர்ட், ரஸல் டிஃபின், அசோக டி சில்வா, வெங்கட்ராகவன். நடுவர் பணி அன்றுதான் முழுமையான தொழிலாயிற்று. அத்தொழிலுக்கு ஒரு விலையும் இருந்தது. இரு நடுவரும் வேற்று நாட்டவராதல் வேண்டும் என்ற விதியால், இந்தியா ஆடும் டெஸ்டில் இந்திய நடுவர் அன்று நிற்க முடியவில்லை. சென்னையில் பிறந்து, சென்னையில் முதல் டெஸ்ட் ஆடியவர், தம் பணியின் கடைசி ஆண்டுகளில் இந்தியா ஆடாத டெஸ்டுகளிலேயே நின்றார். நடுவு நிலைமை என்பது சில வேளைகளில் வீட்டை விட்டு விலகி நிற்பதும் ஆகும். 2003இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2004 ஜனவரியில் ஓய்வு பெற்றார். 73 டெஸ்டுகள், 52 ஒருநாள் ஆட்டங்கள் என்பது அவர் நடுவராக நின்ற கணக்கு.

அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1999 ஜூன் 17 அன்று பர்மிங்ஹாம் நகரின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் உலகக் கோப்பை அரையிறுதியில் மோதின. ஆஸ்திரேலியா 213 ஓட்டங்கள் எடுத்தது. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்குத் தேவை 9. கையில் எஞ்சியது ஒரே விக்கெட். குளூஸ்னர் முதல் இரு பந்துகளையும் எல்லைக்கு அனுப்பினார். இனித் தேவை ஒரே ஓட்டம். நான்காம் பந்தில் ஒருவர் ஓட, மற்றவர் நின்றுவிட, டொனால்ட் ரன் அவுட் ஆனார். இரு அணியும் 213. முந்திய சுற்றின் பட்டியலில் மேலே இருந்ததால் ஆஸ்திரேலியா இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. ஒருநாள் ஆட்டங்களிலேயே பெரியது இதுவென்று இன்றும் போற்றுவோர் பலர். குளூஸ்னரை நினைப்பர், டொனால்ட் கை நழுவ விட்ட மட்டையை நினைப்பர். அந்த ஆட்டத்தில் நடுவர்களாக நின்றவர் யார் என்று கேட்டால் சொல்பவர் அரியர். நின்றவர்கள் ஷெப்பர்டும் வெங்கட்ராகவனும். நூறு ஓவர் நெருக்கடிக்குப் பிறகு இரு அணிகளும் சமமாக நின்றன.  அவர்கள் மறக்கப்பட்டதே அவர்களுக்குக் கிடைத்த பாராட்டு.

ஆயினும், எந்த நடுவரும் பிழையற்றவர் அல்லர். இங்குதான் இத்தொழிலின் மிகக் கடினமான பகுதி வருகிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் ஆராயாது கொடுத்த தீர்ப்பு பிழையென்று தெளிந்த கணத்தில், அரியணையிலேயே வீழ்ந்து உயிர் துறக்கிறான். தமிழர் நெஞ்சில் அவன் நிலைத்தது அப்பிழையால் அன்று. அதற்கு அவன் கொடுத்த விலையால். ஆனால் ஆட்ட நடுவர்க்கு அந்த வழி இல்லை. உணவு இடைவேளையில் ஓய்வறைக்குச் சென்று தொலைக்காட்சியைப் பார்க்கிறார். காலையில் தாம் கொடுத்த 'அவுட்' பிழையென்று அறிகிறார். ஒருவேளை அந்த இளைஞனின் ஆட்ட வாழ்வே அத்தோடு முடிந்திருக்கலாம். நாற்பது நிமிடங்களில் அவர் மீண்டும் களத்துக்குச் சென்று அதே இடத்தில் நின்றாக வேண்டும். பழைய பிழைக்கு ஈடாக அந்த அணிக்குச் சலுகை காட்டினால் அது இரண்டாம் பிழை. பாண்டியன் ஒரு தீர்ப்புக்காக இறந்தான். நடுவர் ஒரு பிழையான தீர்ப்புக்குப் பின்னும் அடுத்த பந்துக்காக வாழ வேண்டும். இரண்டுள் எது அரியது என்று பட்டிமன்றமே நடத்தலாம்.

இதற்கு வேற்று ஆட்டத்திலிருந்து ஒரு சான்று. நம் நாட்டில் அதிகம் அறியப்படாத ரக்பி யூனியன் என்னும் ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதினைந்து பேர் நீள்வட்டப் பந்தோடு மோதுகின்றனர். எண்பது நிமிடமும் ஒரே நடுவர் அவர்களுடன் ஓடித் தீர்ப்புக் கூறுகிறார். அவர் ஆட்டக்காரரிடம் பேசுவதைத் தொலைக்காட்சி பார்ப்போரும் கேட்கலாம். அவ்வாட்டத்தில் கையால் பந்தை முன்னோக்கி எறிதல் குற்றம். 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில், வேன் பார்ன்ஸ் என்னும் 28 வயது இங்கிலாந்து வழக்கறிஞர் நடுவராக இருந்தார். ஃபிரான்ஸ் வீரர் ஒருவர் முன்னோக்கி எறிந்ததை அவர் கவனிக்கவில்லை, நியூசிலாந்து தோற்றது. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் விலகவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் 28 அன்று பாரிசுக்கு அருகே நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நின்றவரும் அவரே. மீண்டும் நியூசிலாந்து; மீண்டும் தோல்வி. அதன் அணித்தலைவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, தென்னாப்பிரிக்கா 12–11 என்று வென்றது. 111 பன்னாட்டு ஆட்டங்களில் நின்ற பார்ன்ஸ் சில நாட்களில் ஓய்வை அறிவித்தார். தம் குடும்பத்தாருக்கு வந்த மிரட்டல்களைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். நடுவரின் வாழ்வில் பிழை முற்றுப்புள்ளி அன்று என்பதும், அதற்குக் கொடுக்க வேண்டிய விலை வீடு வரை வரும் என்பதும் ஒருசேர விளங்குகின்றன.

கருவிகள் வந்துவிட்டனவே, இனி நடுவர் எதற்கு என்று கேட்போர் உண்டு. 2008இல் இந்தியாவும் இலங்கையும் ஆடிய தொடரில், நடுவரின் முடிவை மறு ஆய்வுக்கு அனுப்பும் முறை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. இன்று அது நிலைபெற்றுவிட்டது. எதிர்பாராத பயன் ஒன்றும் அதனால் விளைந்தது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பயணங்கள் தடைப்பட்டபோது, உள்நாட்டு நடுவர்களே நிற்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. அணிகளுக்கு ஒரு மறு ஆய்வு கூடுதலாக அளிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடியபோது களத்தில் நின்ற இரு நடுவரும் இந்தியர்களே. ஃபைசலாபாத்தில் சந்தி சிரித்த அதே ஏற்பாடு, இம்முறை பெரும் பூசலின்றி நடந்தேறியது. எனினும் கருவி ஒரு முடிவைத் திருத்துமே அன்றி, முதல் முடிவைத் தானே சொல்வதில்லை. முதலில் ஒருவர் விரலை உயர்த்த வேண்டும்; அல்லது உயர்த்தாமல் நிற்க வேண்டும். கருவி இல்லாத ஏரிப் பரப்புகளிலோ அந்த ஒருவரே எல்லாம்.

வெங்கட்ராகவன் ஓய்வு பெற்ற பின், உயர்நிலைக் குழுவில் அடுத்த இந்தியராக எஸ். ரவி 2015இல்தான் சேர்ந்தார். 2020இல் நிதின் மேனன் சேர்ந்தார். இடையே பதினோரு ஆண்டுகள் அந்த இடம் இந்தியர்க்கு வெறுமையாகவே இருந்தது. கோடிக்கணக்கானோர் ஆடும் நாட்டில், நடுவில் நிற்க முன்வந்தோர் எவ்வளவு குறைவு என்பதை இது காட்டும். முன்வந்தோர் இல்லாமல் இல்லை. 2002 உலகக் கோப்பைக் கால்பந்தில் துணை நடுவராகக் கொடி பிடித்தவர் கோமளீஸ்வரன் சங்கர் என்னும் இந்தியர். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி பன்னாட்டுக் கால்பந்து நடுவரானார். மென்பொருள் பணியை விட்டு வந்த சென்னையின் ஜனனி நாராயணன், 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் நடுவராக நின்ற முதல் மூன்று பெண்களுள் ஒருவர். நல்ல ஊதியம் தரும் மேசையை விட்டு, வெயிலுக்கும் ஏச்சுக்கும் வந்தவர்கள் இவர்கள்.

மீண்டும் வள்ளுவரிடமே வந்து இவ்வுரை முடிகிறது. அரசன் முறை செய்வதற்கு அவர் 'செங்கோன்மை' என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் தனியே வைத்தார். 'நடுவு நிலைமை'யை வைத்ததோ அறத்துப்பாலில், இல்லற இயலில். விருந்தோம்பல், இனிய சொல், நன்றி மறவாமை ஆகியவற்றோடு சேர்த்து, மனைவி மக்களோடு வாழும் எளிய மனிதனின் கடமையாகவே அதனைக் கண்டார். நீதிபதிக்கு மட்டும் உரியதென்றோ, உலகக் கோப்பை நடுவர்க்கு மட்டும் உரியதென்றோ அவர் கருதவில்லை. பொருள் சரியில்லை என்று மேலாளர் முன்னிலையில் சொல்லும் பரிசோதகர்க்கும், நண்பரின் கவிதையைப் போட்டியில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளும் தேர்வாளர்க்கும், பிள்ளைகளிடையே பங்கு பிரிக்கும் தாய்க்கும் அது வேண்டும்.

ஏரிப் பரப்பில் ஆடும் இளைஞர்க்கு ஒரு யோசனை உண்டு. அடுத்த ஞாயிறு இரண்டு அணிகள் ஆடும்போது, மூன்றாம் அணியிலிருந்து ஒருவரை நடுவராக நிறுத்துங்கள். 1994இல் உலகம் செய்தது அதுவே. அவர் பிழை செய்வார், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு பொறுத்துக்கொண்டால், மறு ஞாயிறு வேறொருவர் நிற்கத் துணிவார். 'எல்.பி.டபிள்யூ. உண்டு' என்று சொல்லி ஆட்டம் தொடங்கும் நாள், தண்டலத்தின் அந்த வெற்றிடத்தில் ஒரு நடுவர் பிறந்துவிட்டார் என்று பொருள்.